இல்பொருள் காட்டும் ஒளிப்படம்

கண்டதைக் கண்டவாறே எழுதிக் காட்டுவது ஒரு கலை. எங்குமே இல்லாத ஒன்றை, உள்ள பொருள்களின் உறுப்புகளைக் கொண்டே கூட்டிக் காட்டுவது மற்றொரு கலை. இந்த இரண்டாவது வகையைத் தமிழ் அணியிலக்கணத்தார் இல்பொருளுவமை என வழங்கினர். வன்னிலத்தில் பட்டமரம் தளிர்த்தாற்போல என்று வள்ளுவப் பெருந்தகை கூறும் உவமையை இதற்குச் சான்றாகக் காட்டுவது ஆசிரியர் மரபு. வன்னிலமும் உலகில் உண்டு, பட்டமரமும் உண்டு, தளிரும் உண்டு. இம்மூன்றும் ஓரிடத்தே கூடிய காட்சிதான் இல்லை. இல்லாத அக்காட்சியைக் கற்பார் மனக்கண்முன் நிறுத்துவதே புலவனின் திறம்.

அதே திறத்தை இன்று கையடக்கமான ஒரு கருவி எல்லார்க்கும் வழங்கியிருக்கிறது. கைப்பேசியிலுள்ள படத்திருத்தச் செயலியைக்கொண்டு, சாமுண்டி மலை நந்தியைத் தன் உள்ளங்கையில் ஏந்தி நிற்பதாக ஒரு சிறுமி தன் படத்தை ஆக்கிக்கொள்கிறாள். வீட்டை விட்டு அகலாத பாட்டியைப் பேரன் ஒருவன் நிலவின்மேல் அமர்த்திக் கையில் வெற்றிலைப் பெட்டியையும் கொடுத்துவிடுகிறான். குடும்பம் முழுவதும் கூடிச் சிரிக்கிறது. இஃது இக்காலத்து இளைஞர் கண்டுபிடித்த புதுமை என்று மூத்தோர் பலர் எண்ணுகின்றனர். இதன் வரலாற்றை நோக்கின், இது பழமையிலும் பழமை வாய்ந்தது என்பது புலனாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக உரைப்பதும், விளையாட்டுக்கும் வஞ்சத்துக்கும் இடையிலுள்ள வரம்பு எது என்று தெளிவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒட்டுக்கலை வாழும் ஊர்

மைசூர் அரண்மனைக்கு வடக்கே அமைந்த மண்டி மொஹல்லாவின் பெயரே ஓர் ஒட்டு. தானியமும் சரக்கும் மொத்தமாக விலைபோகும் இடத்தை மண்டி என்பது தமிழர்க்கும் கன்னடர்க்கும் பழகிய வழக்கு. மொஹல்லா என்பதோ அரபுமொழியிற் பிறந்து, உருது வழியே வந்து, மைசூர் நகரப் பகுதிகளின் பெயர்களிலெல்லாம் நிலைத்துவிட்ட சொல். வேற்றுமொழிச் சொற்கள் இரண்டு இணைந்து ஒரு தெருவின் பெயராயின. அத்தெருவில் கன்னடமும் உருதும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன. இணைத்துக் காண்பது இவ்வூர் மக்களுக்கு இயல்பான பழக்கம் எனலாம்.

இவ்வூரை ஆண்ட உடையார் மரபினரின் சின்னத்தையும் நோக்குக. ஓருடலும் இருதலையும் கொண்ட கண்டபேருண்டப் பறவை அதன் நடுவே நிற்கிறது. யானைத்தலையும் சிங்கவுடலும் கொண்ட சரபங்கள் இருமருங்கும் தாங்கி நிற்கின்றன. இன்று கருநாடக அரசின் சின்னமாகவும் இவையே விளங்குகின்றன. எவரும் இப்பறவையைக் கண்டதில்லை. ஆயினும் அதனைப் பொய்யென்று எவரும் வெறுத்ததுமில்லை. ஒன்றோடொன்று பொருந்தாத உறுப்புகளைச் சேர்த்தால் தனித்தனியே இல்லாத ஓர் ஆற்றல் தோன்றும் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

தமிழ்நாட்டிற் காணும் சான்று இதனினும் நுட்பமானது. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. யானையின் உடலைக் கையால் மறைத்துப் பார்த்தால் காளை தோன்றும். காளையின் உடலை மறைத்தால் யானை தோன்றும். ஒரு பாதியை மறைத்து மறுபாதியை வெளிப்படுத்துதல் என்னும் இந்த உத்தியே பிற்காலத்தில் ஒளிப்படத்துக்கும் திரைப்படத்துக்கும் இருவேடக் காட்சிகளைத் தந்தது. அதனை உரிய இடத்தே காண்போம்.

இருட்டறையிற் பிறந்த விளையாட்டு

ஒளிப்படம் உலகிற்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அதற்கடுத்த ஆண்டிலேயே அதனைக்கொண்டு ஒருவர் விளையாடத் தொடங்கிவிட்டார். ஒளிப்படக்கலையைத் தாமும் கண்டறிந்தும் உரிய பெருமை கிட்டாத பிரெஞ்சுக்காரர் இப்போலித் பயார், 1840இல் தம்மையே நீரில் மூழ்கி இறந்தவராகக் கிடத்திப் படம் எடுத்து, தம் மனக்குறையைக் குறும்பாக வெளியிட்டார். உண்மையை உரைக்கப் பிறந்த கருவி, பிறந்த மறு ஆண்டிலேயே நாடகமும் ஆடிற்று.

அக்காலத்துப் படத்தகடுகளுக்கு ஒரு குறை இருந்தது. அவை நீலவொளியை மிகுதியாக ஏற்றன. ஆதலால் நிலமும் கட்டடமும் நன்கு பதியும்வரை காத்திருந்தால், வானம் வெறும் வெள்ளையாகிவிடும். குசுத்தாவ் இலெ கிரே என்னும் பிரெஞ்சுக் கலைஞர் 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானுக்கு ஒரு நெகட்டிவும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் பதித்து அக்குறையைத் தீர்த்தார். தேவை காரணமாக எழுந்த ஒட்டு இது.

இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெயிலாந்தர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒருங்கிணைத்து, நன்னெறியும் தீநெறியும் ஆகிய இருவழிகளை விளக்கும் பெரும்படம் ஒன்றை ஆக்கினார். மான்செஸ்டர் கலைக்காட்சியில் அது வைக்கப்பெற்றது. விக்டோரியா அரசியார் அதன் படி ஒன்றை விலைகொடுத்து வாங்கினார். அடுத்த ஆண்டில் என்றி பீச் ராபின்சன், நோயுற்று மெலியும் இளம்பெண் ஒருத்தியையும் அவள் சுற்றத்தாரையும் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு ஒரே காட்சியாக்கினார். ஓவியர் தீட்டியிருந்தால் பாராட்டியிருக்கக்கூடிய மக்கள், ஒளிப்படம் என்றதும் முகஞ்சுளித்தனர். ஒளிப்படத்தை உலகம் சான்றாகவே நம்பத் தொடங்கிவிட்டது என்பதற்கு இம்முகச்சுளிப்பே அறிகுறி.

இவை கலைஞர் செய்தவை. இல்லத்து மகளிர் செய்தவையும் உண்டு. முகவரிச் சீட்டின் அளவில் சிறுபடங்கள் மலிவாகக் கிடைத்த 1860களிலும் 1870களிலும், ஆங்கிலச் செல்வர் வீட்டுப் பெண்டிர் உறவினர் படங்களைக் கத்தரித்து, நீர்வண்ணத்தில் தீட்டிய வாத்துகளின் உடல்மேலும் சீட்டுக்கட்டுகளின் நடுவிலும் ஒட்டித் தம் தொகுப்பேடுகளை அழகுசெய்தனர். இன்றைய கைப்பேசி விளையாட்டின் நேர்மூதாதையர் அப்பெண்டிரே என்பது மிகையன்று. 1890களில் தலையைத் தட்டில் ஏந்தி நிற்பவரும், தம்மைத் தாமே வரைபவரும் ஒளிப்படங்களிற் பல்கினர். ஓவியர் துலூசு லோத்ரெக், ஓவியராகவும் ஓவியத்துக்கு அமர்ந்தவராகவும் ஒரே படத்தில் இருமுறை தோன்றியது இவ்வகையில் பெயர்பெற்றது.

தமிழ்நாட்டுப் படநிலையங்கள்

தமிழகத்தின் ஒளிப்பட வரலாறும் ஒட்டுப்படத்தோடு பின்னிக்கிடக்கிறது. சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயசு திரைப் என்பார், அதற்குமுன் 1855இல் பர்மாவில் எடுத்த நெகட்டிவ்கள் சிலவற்றில் வெறுமையான வானத்துக்கு மேகத்தைத் தூரிகையால் தீட்டியவர். பின்னர் அவர் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களில் அரிய படங்களை எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 1858இல் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கியது அவர் செய்த அருஞ்செயல். கல்லில் எழுதிய தமிழ் நெடுவரியை ஒரே பார்வையிற் காட்டவல்ல கண்ணாடிவில்லை எதுவும் இல்லை. ஒட்டினாலன்றி அவ்வுண்மையைக் காட்டவியலாது. ஒட்டுப்படம் யாவும் பொய்ப்படம் என்பார்க்குத் தஞ்சைக் கல்வெட்டுப் படம் தக்க விடையாகும்.

அரசு அலுவலர் கையிலிருந்த கலை, பின்னர் ஊர்தோறும் தோன்றிய படநிலையங்களின் வழியே குடிமக்களை அடைந்தது. 1880 முதல் 1980 வரையிலான நூற்றாண்டில் தமிழ்நாட்டுப் படநிலையங்கள் எடுத்த படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தேடித் தொகுத்து மின்வடிவில் காத்து வருகின்றனர். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரித்தானிய நூலகத்தின் திட்டம் இதற்குத் துணைநின்றது. அத்தொகுப்பு காட்டும் வழக்கங்களுள் ஒட்டுப்படமும் ஒன்று.

அக்காலக் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். வாழ்நாளில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டது ஒருமுறையோ இருமுறையோதான். கணவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலோ, மலேயாவின் இரப்பர்க் காட்டிலோ, பர்மாவிலோ இருப்பான். மனைவி ஊரில் இருப்பாள். இருவரும் ஒருங்கே அமர்ந்த படம் இராது. தந்தை இறந்தபின் தாய்க்கு முதுமை வந்து, பிள்ளைகளுக்கு ஒரு படம் வேண்டும் என்ற ஆசை பிறக்கும். பழைய குழுப்படம் ஒன்றிலிருந்து தந்தையின் முகத்தைப் பெரிதாக்கி, கத்தரித்து, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, தாயின் படத்துக்கு அருகே ஒட்டி, ஒட்டிய கோடு தெரியாதபடி தூரிகையால் பூசி, மீண்டும் அதனைப் படம் எடுத்துத் தருவார் படநிலையத்தார். தந்தை உடுத்தறியாத கோட்டும் அப்படத்தில் வந்து சேர்ந்துவிடும். அவர் முப்பது வயதினராகவும் அவர் மனைவி அறுபது வயதினராகவும் இருப்பதுண்டு. கூடத்துச் சுவரில் தொங்கும் அப்படத்தைப் பொய்யென்று எந்த மகனேனும் கூறியதுண்டோ? அங்கு ஒட்டப்பட்டது தாளன்று; பிரிந்த குடும்பம் ஒட்டப்பட்டது.

இதே நிலையங்களில் விளையாட்டும் இருந்தது. அட்டையில் செய்த மோட்டார் வண்டியும், ஆகாயவிமானமும், பிறைநிலவும், தாஜ்மகாலைத் தீட்டிய திரைச்சீலையும் திருவிழாக் காலங்களில் கூட்டத்தை ஈர்த்தன. விமானத்தில் ஏறாதவர் விமானத்தின் சன்னலில் தலைநீட்டினார். பார்த்தவர் எவரும் ஏமாறவில்லை. எடுத்தவருக்கும் தெரியும், அமர்ந்தவருக்கும் தெரியும், காண்பவருக்கும் தெரியும். இந்த மூவர் அறிவே அவ்விளையாட்டின் அறம்.

திரையில் இரண்டு உருவம்

தாராசுரச் சிற்பியின் உத்தி திரைப்படத்தில் புத்துயிர் பெற்றது. ஒளிப்படப்பெட்டியின் வில்லையில் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, நடிகர் ஒருபுறம் நடிப்பதைப் பதிவு செய்வர். பின் படச்சுருளைத் தொடக்கத்துக்கே திருப்பிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, பதிந்த பாதியை மறைத்து, அதே நடிகரை மறுபுறம் நடிக்கச் செய்வர். பெட்டி மயிரிழையும் அசையலாகாது; நடிகர் நடுக்கோட்டைத் தாண்டலாகாது. இதன் வழி ஒருவர் தம்மோடு தாமே வாதாடலாம். 1917இல் தாதாசாகிப் பால்கே எடுத்த இலங்கா தகனத்தில் சாளுங்கே என்னும் நடிகர் ஒருவரே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். அது வேடத்தால் அமைந்த இருமை. தமிழில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1940இல் வெளியிட்ட உத்தமபுத்திரனில் பி. யு. சின்னப்பா இருவேடம் தாங்கினார். 1958இல் அதே பெயரில் வந்த படத்தில் சிவாஜி கணேசன் இருவராகத் தோன்றினார், ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். ஒரே முகம் இருபுறமும் தோன்றும்போது கொட்டகையில் எழுந்த கைதட்டல், ஏமாந்தவரின் கைதட்டலன்று. வித்தையை அறிந்து வியந்தவரின் கைதட்டல்.

அரண்மனைச் சுவரின் ஊர்வலம்

மீண்டும் மைசூருக்கு வருவோம். 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையானபின், என்றி இர்வினின் வரைபடத்தின்படி 1912இல் முடிவுற்றது இன்றைய அரண்மனை. அதன் கலியாண மண்டபச் சுவர்களைச் சுற்றித் தசரா ஊர்வலத்தைக் காட்டும் 26 ஓவியங்கள் உள்ளன. அரண்மனை ஓவியர் 1934 முதல் 1945 வரை இப்பணியில் ஈடுபட்டனர். ஊர்வலத்தை எடுத்த ஒளிப்படங்களை ஆதாரமாகக் கொண்டே இவை தீட்டப்பெற்றன. யானை ஒரு படத்திலும், குதிரைப்படை மற்றொரு படத்திலும், வீதியோர மாடங்களில் நெருங்கி நிற்கும் மக்கள் வேறொரு படத்திலுமாகச் சிதறிக் கிடப்பதைத் தூரிகை ஒன்றாகக் கோக்கும்போது, மண்டபத்தைச் சுற்றி நடந்தாலே ஊர்வலத்தோடு நடந்த உணர்வு பிறக்கிறது. எந்த ஒளிப்படப்பெட்டியும் ஒரே நொடியில் காணாத ஊர்வலம் அது. ஆயினும் மைசூர்த் தசராவின் மெய்யான சான்றுகளுள் அதற்கு நிகர் அரிது. ஓவியத்தில் அம்பாரியில் வீற்றிருப்பவர் மன்னர். இன்று அதே தங்க அம்பாரியில் சாமுண்டேசுவரி அம்மன் எழுந்தருளுகிறாள். ஊர்வலம் இன்றும் சயாஜிராவ் சாலை வழியே பன்னிமண்டபத்தை நோக்கிச் செல்கிறது. வீதியின் இருமருங்கிலும் இப்பொழுது உயர்ந்து நிற்பவை கைப்பேசிகள்.

இவ்வூர் மற்றொரு மரபையும் வளர்த்தது. 1923இல் மைசூரிற் பிறந்து 2009இல் மறைந்த டி. எஸ். சத்யன், ஒட்டோ பூச்சோ இன்றி எளிய மக்களின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்தவர். அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாகிய 1979இல் நியூயார்க்கிலுள்ள ஐக்கிய நாடுகள் அவையில் அவருடைய குழந்தைப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. சத்யன் போன்றோர் ஒளிப்படத்துக்கு ஈட்டித் தந்த நம்பிக்கையே முதல்; ஒட்டுப்பட விளையாட்டு அம்முதலின்மீது வரும் வட்டி. முதல் கரைந்தால் வட்டி ஏது?

கையடக்கக் கருவி

அமெரிக்காவில் தாமசு நோல், சான் நோல் என்னும் உடன்பிறந்தார் 1987இல் தொடங்கிய முயற்சி, 1990இல் போட்டோஷாப் என்னும் மென்பொருளாக வெளிவந்தது. கத்தரிக்கோலும் பசையும் கணினிக்குள் புகுந்தன. 2011இல் பிக்ஸார்ட், ஸ்நாப்சீட் முதலிய செயலிகள் அவற்றைக் கைப்பேசிக்குள் கொணர்ந்தன. செயலி மாறினும் தொழில் மாறவில்லை. விரலால் உருவின் விளிம்பைத் தடவித் தெரிவு செய்வது பழைய கத்தரிப்பு. விளிம்பை மென்மையாக்குவது உப்புத்தாளின் வேலை. அடுக்கின்மேல் அடுக்காகப் படங்களை வைப்பது நெகட்டிவ்களைச் சேர்த்துப் பதித்ததன் வழித்தோன்றல். வேண்டாத பகுதியை மறைப்பது அந்தக் கறுப்பு அட்டையே.

நல்ல ஒட்டுப்படத்துக்குரிய இலக்கணமும் பழையதே. ஒளி இரண்டு படங்களிலும் ஒரே திசையிலிருந்து வரல் வேண்டும். காலடியில் நிழல் விழல் வேண்டும். நிழலற்ற உருவம் தரையில் நில்லாது, மிதக்கும். அடிவானத்தின் உயரம் ஒத்திருத்தல் வேண்டும். தொலைவிலுள்ளது மங்கியும் அருகிலுள்ளது தெளிந்தும் இருத்தல் வேண்டும். இவற்றைக் கற்கும் சிறுவன் தன்னையறியாமலே ஒளியையும் அளவையும் கூர்ந்துநோக்கப் பழகுகிறான். பாட்டியை நிலவில் அமர்த்தும் பேரன், பாட்டியின் முகத்தில் ஒளி எப்பக்கம் விழுகிறது என்பதை முதன்முறையாக உற்று நோக்குகிறான். அந்நோக்கு ஒன்றே அவ்விளையாட்டுக்குப் போதிய பயன்.

விளையாட்டும் வஞ்சமும்

எனினும் இக்கலையின் இருண்ட பக்கத்தையும் கூறாது விடுவது முறையன்று. அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர் இறந்தோர் ஆவியைப் படத்தில் காட்டுவதாகக் கூறித் துயருற்றோரிடம் பொருள் பெற்று, 1869இல் வழக்குமன்றம் ஏறினார். போதிய சான்றின்மையால் விடுவிக்கப்பட்டார். நம் படநிலையத்தாரும் இறந்த தந்தையைத் தாயின் அருகே வைத்தனர். மம்லரும் இறந்தோரை உயிருள்ளோர் அருகே வைத்தார். கைவினை ஏறக்குறைய ஒன்றே. முன்னவர் செய்ததை மகன் அறிந்திருந்தான். பின்னவர் செய்ததைப் படம் பெற்றவர் அறியவில்லை. அறமும் மறமும் பிரியும் இடம் இதுவே.

இங்கிலாந்தில் காட்டிங்லி என்னும் ஊரில் 1917இல் இரு சிறுமியர் தாளில் வரைந்து வெட்டிய தேவதைகளைத் தொப்பியூசியால் நிறுத்திப் படம் எடுத்தனர். அது சிறுமியர் விளையாட்டு. ஆனால் துப்பறியும் கதைகளால் உலகப்புகழ் பெற்ற ஆர்தர் கோனன் டாயில் 1920இல் அவற்றை மெய்யென்று எழுதி வெளியிட்டார். பெரியவர் நம்பியபின் சிறியவர் வாய்திறக்க அஞ்சினர். 1983இல், முதுமையில்தான் அவர்கள் உண்மையை ஒப்புக்கொண்டனர். ஒரு நாள் விளையாட்டு அறுபத்தாறு ஆண்டுச் சுமையாயிற்று. உரிய காலத்தில் ‘இது விளையாட்டு’ என்று சொல்லாமையால் வந்த சுமை அது.

இதற்கு மறுதலையானது அரசுகள் செய்த வஞ்சம். சோவியத்து நாட்டில் மாசுகோ கால்வாய்க் கரையில் சுடாலினின் அருகே நடந்த எழோவ், 1940இல் கொல்லப்பட்டபின் படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் நீர் மட்டுமே எஞ்சியது. சேர்ப்பது மட்டுமன்று, நீக்குவதும் ஒட்டுப்படமே. ஒரு மனிதன் வாழ்ந்ததையே அது மறுத்தது.

இன்று அவ்வாற்றல் எல்லார் கையிலும் உள்ளது. அறியாப் பெண்ணின் முகத்தைத் தகாத உடலோடு ஒட்டி அவள் வாழ்வைச் சிதைப்போரும், சொல்லாத சொல்லைத் தலைவர் வாயில் வைத்துக் கலகம் மூட்டுவோரும் நம் காலத்தே உளர். பலமொழியினரும் பலசமயத்தினரும் சுவரோடு சுவராக வாழும் மண்டி மொஹல்லா போன்ற பகுதிகளில் ஒரு பொய்ப்படம் என்ன செய்யும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலால், பிள்ளைகள் கையிலிருந்து கருவியைப் பறிப்பதைவிட, அவர்களுக்கு மூன்று நெறிகளைக் கற்பிப்பதே நன்று. படத்தில் இருப்பவர் இசைந்தாரா என்று வினவுக. காண்பவர்க்கு இது விளையாட்டு என்பது விளங்குமா என்று எண்ணுக. படம் கைமாறிச் சென்று, ஆக்கியவரை அறியாத ஒருவர் கண்டாலும் தீங்கு விளையாதா என்று நோக்குக. இம்மூன்றுக்கும் ஆம் என விடை வருமாயின், பாட்டி நிலவில் மட்டுமன்று, விண்மீன்களின் மீதும் அமரலாம்.

இல்பொருளுவமையைக் கூறும் புலவன் அதனை ‘அற்று’ என்னும் உவம உருபோடு கூறினான். பட்டமரம் தளிர்த்தது என்று அவன் செய்தி அறிவிக்கவில்லை. தளிர்த்தற்று என்றே உரைத்தான். அந்த ஒரு சொல் கற்பனையைப் பொய்யினின்று காத்தது. படநிலையத்துத் திரைச்சீலையும் திரைப்படத்தின் இருவேடமும் அரண்மனை ஓவியமும் தத்தமக்குரிய வகையில் அவ்வுருபை ஏந்தி நின்றன. கைப்பேசியில் ஆக்கும் ஒட்டுப்படமும் அதனை ஏந்துமாயின், தமிழ் அணியிலக்கணத்துக்கு அது புதியதோர் எடுத்துக்காட்டாக விளங்கும்.